கணக்கு எழுதவா எம்.எஸ்சி. படித்தேன்?

கேள்வி: வயது 26. எம்.எஸ்சி. வேளாண்மை, மண்ணியல் படித்தேன். ஒன்றரை வருடமாக மானாவாரி உளுந்து பற்றிய ஓர் ஆராய்ச்சித் திட்டத்தில் இளநிலை ஆய்வாளராக இருக்கிறேன். திட்டத்துக்குத் தனி எழுத்தர் கிடையாது. பில், மஸ்டர் ரோல் (கூலியாட்களின் வருகைப் பட்டியல்), யூசி (பணத்தைச் செலவிட்டதற்கான பயன்பாட்டுச் சான்றிதழ்) எல்லாம் என் தலையில்தான். முதலில் எரிச்சலாக இருந்தது. இப்போது அதில்தான் மனம் ஒட்டுகிறது. மார்ச் 31-ல் ஒப்பந்தம் முடிகிறது. "கணக்கு எழுதவா எம்.எஸ்சி. படிச்சே?" என்று அப்பச்சி (அப்பா) கேட்கிறார்கள். மாமா, வங்கி வேளாண் அலுவலர் தேர்வு எழுதச் சொல்கிறார்கள். காரைக்குடியை விட்டு நான் தூரம் போகக் கூடாது என்பது ஆத்தாளின் கவலை. ஆராய்ச்சி மானியங்களை நிர்வகிப்பது என்று தனியாக ஒரு வேலை உண்டா? அதற்கு எப்படிப் போவது?
வாசகி, பள்ளத்தூர்

பதில்:

அன்புள்ள வாசகிக்கு,

அப்பச்சியின் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடலாம். உங்கள் செட்டிநாட்டுப் பக்கத்தில் கணக்கு எழுதுவதை யாரும் குறைவாக நினைத்ததில்லை. பர்மாவுக்கும் மலாயாவுக்கும் கொண்டுவிக்க, அதாவது வணிகம் செய்ய, போன காலத்தில் பெட்டியடிப் பையனாகச் சேர்ந்தவர் அடுத்தாளாகி, மேலாளாக உயர்ந்தது கணக்கின் பலத்தில்தான். கடல் கடந்து வந்த ஐந்தொகை என்ற கணக்குச் சுருக்கத்தை வைத்துத்தான் ஊரில் இருந்த முதலாளி கடையின் நிலவரத்தைத் தெரிந்துகொண்டார். நீங்கள் தயாரிக்கும் யூசியும் அந்த வகைக் காகிதம்தான். பணம் கொடுத்த துறை உங்கள் உளுந்து வயலைப் பார்க்க வரப்போவதில்லை. அந்த ஒரு தாளை நம்பித்தான் அடுத்த தவணையை விடுகிறது. இதை அப்பச்சியிடம் சொல்லிப் பாருங்கள், அவர்களுக்குப் புரியும்.

நீங்கள் கேட்ட வேலை உண்டு. ஆனால் அந்தப் பெயரில் விளம்பரம் வருவது அபூர்வம். நிர்வாக அலுவலர், நிதி அலுவலர், பிரிவு அலுவலர், திட்ட மேலாளர் என்று வெவ்வேறு பெயர்களில் அது ஒளிந்திருக்கிறது. அந்த நாற்காலிகளில் வயலும் பேரேடும் இரண்டும் தெரிந்தவர்கள் மிகக் குறைவு. உங்கள் பலம் அதுதான் என்று உறுதியாகச் சொல்கிறேன். காரணத்தைச் சற்று விரிவாகவே பார்க்கலாம்.

நிதியாண்டு ஏப்ரலில் பிறக்கிறது. உங்கள் செம்மண் வயலுக்கு வேலை புரட்டாசியில்தான் தொடங்குகிறது. அனுமதி ஆணை வந்து பணம் புழங்க ஆடி ஆகிவிடுவது சகஜம். விதை, ரைசோபியம் நுண்ணுயிர் உரம், டிஏபி உரம், பாத்திக்கு அடையாளப் பலகை, மண் மாதிரிப் பை எல்லாம் ஆவணி முடிவதற்குள் ஸ்டோரில் இருந்தாக வேண்டும். மூன்று கோட்டேஷன் வாங்கி, ஒப்பீட்டுப் பட்டியல் போட்டு, கொள்முதல் குழுவிடம் கையெழுத்து வாங்கி, சப்ளை ஆர்டர் கொடுப்பதற்குள் நான்கைந்து வாரம் ஓடிவிடும். இதை ஐப்பசியில் ஆரம்பித்தால் விதை கார்த்திகையில் வந்து சேரும். வம்பன் 8 ரக உளுந்துக்கு வயது 65 முதல் 75 நாள். அது பூவெடுக்கும் நேரத்தில் வடகிழக்குப் பருவமழை ஓய்ந்து மண் இறுகிப்போயிருக்கும். அந்த ஆண்டின் தரவு போயிற்று. பணமும் நிற்காது. மத்திய அரசின் பல திட்டங்களில் இப்போது ஜீரோ பேலன்ஸ் கணக்குதான். பணமாக வராமல் செலவு வரம்பாக வரும். மார்ச் 31-க்குள் பயன்படுத்தாத வரம்பு காலாவதியாகிவிடும். விஞ்ஞானி பயிரைப் பார்ப்பார், கணக்குப் பிரிவு வவுச்சரைப் பார்க்கும். விதைப்புத் தேதியிலிருந்து பின்னோக்கி எண்ணி, "ஜூலை 10-க்குள் கோட்டேஷன் போக வேண்டும்" என்று நாட்காட்டியில் எழுதி வைக்கிற ஆள்தான் அங்கே தேவைப்படுகிறார்.

மஸ்டர் ரோலையும் இப்படித்தான் பார்க்க வேண்டும். நவம்பர் 6-ம் தேதி எட்டுப் பேர் களையெடுத்ததாக அதில் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். நிலையத்து மழைமானிப் பதிவேட்டில் அன்று 62 மில்லிமீட்டர். அந்த மழையில் உளுந்துப் பாத்தியில் யாரும் கால் வைத்திருக்க முடியாது. தணிக்கைக்கு வருபவர் இரண்டு பதிவேட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் அதோடு சரி. இதில் பெரும்பாலும் திருட்டு இருக்காது. இரண்டு நாள் கழித்து நினைவிலிருந்து எழுதியதால் தேதி மாறியிருக்கும். ஆனாலும் தணிக்கைத் தடை தடைதான். அது தீரும்வரை அடுத்த தவணையும் நிற்கலாம். வருகையை அன்றன்றைக்கு வரப்பிலேயே எழுதுங்கள்.

யூசிக்கு வருவோம். 2017-ம் ஆண்டுப் பொது நிதி விதிகளில் உள்ள 12-ஏ படிவத்தை நீங்கள் நிரப்பியிருப்பீர்கள். அதன் தர்க்கம் எளிது. போன ஆண்டு மீதி 48,000, இந்த ஆண்டு வந்தது 6,20,000, ஆக மொத்தம் 6,68,000. செலவு 6,31,500. மீதி 36,500. இந்த 36,500 அடுத்த யூசியின் முதல் வரியில் ஒரு ரூபாய் பிசகாமல் உட்கார வேண்டும். பெரும்பாலான யூசி திரும்பி வருவது இந்த இடத்தில்தான். மார்ச்சில் வாங்கிய பொருளின் பில் ஏப்ரலில் பாஸ் ஆகியிருக்கும். ஒருவர் அதைப் பழைய ஆண்டில் சேர்த்திருப்பார், இன்னொருவர் புதிய ஆண்டில். இரண்டு யூசியும் ஒன்றோடொன்று பேசாது.

வயல் வேலைக்காகக் கொடுத்த முன்பணத்தைச் செலவென்று காட்டுவது அடுத்த பிழை. பில் வந்து சரிக்கட்டும்வரை அது முன்பணம்தான். ஆர்டர் போட்டுப் பணம் கொடுக்காத கருவியும் அப்படியே. அதைத் தனியாகக் குறிப்பிட வேண்டும், செலவில் சேர்க்கக் கூடாது. பழைய முறையில் வங்கிக் கணக்கில் பணம் வந்திருந்தால் அதற்கான வட்டி அரசுடையது. அதை அரசுக்கு இணையத்தில் பணம் கட்டும் தளமான பாரத்கோஷ் வழியாகத் திருப்பிச் செலுத்தி, ரசீதை யூசியோடு இணைக்க வேண்டும். வட்டிப் பணத்தில் பிரிண்டருக்கு மை வாங்கியவர்கள் பிறகு பட்ட பாடு பெரிது. ஒரு ஹெட்டில் (செலவுத் தலைப்பில்) மிஞ்சியதை இன்னொரு ஹெட்டில் செலவழிக்க முன் அனுமதி வேண்டுமா, எந்த அளவுவரை நிறுவனமே மாற்றலாம் என்பது அனுமதி ஆணையின் நிபந்தனைப் பக்கத்தில் இருக்கும். எல்லாரும் தொகை உள்ள முதல் பக்கத்தைப் படித்துவிட்டு மூடிவிடுகிறார்கள். நீங்கள் கடைசிப் பக்கத்திலிருந்து படியுங்கள்.

அடுத்து நீங்கள் கற்க வேண்டியது, புதிய திட்ட முன்மொழிவுக்கு பட்ஜெட் போடுவது. நல்ல பட்ஜெட் சோதனை வடிவத்திலிருந்து பிறக்கும். எட்டு ட்ரீட்மென்ட் (ஒப்பிடும் முறைகள்), ஒவ்வொன்றுக்கும் மூன்று ரெப்ளிகேஷன் (மறுபடிகள்) என்றால் 24 பாத்தி. விதைக்கும் முன், பூக்கும் தருணம், அறுவடைக்குப் பின் என்று மூன்று முறை மண் எடுத்தால் 72 மாதிரி. தழைச்சத்து, மணிச்சத்து, சாம்பல்சத்து, அங்ககக் கரிமம் என்று நான்கு ஆய்வு செய்தால் 288. இதை ஓர் ஆய்வுக்கான செலவால் பெருக்கினால் உங்கள் தொகை வந்துவிடும். மதிப்பீட்டுக் குழு ஏன் இவ்வளவு என்று கேட்டால் இந்தப் பெருக்கலைக் காட்டலாம். "வேதிப்பொருட்கள்: 2 லட்சம்" என்று உருண்டையாக எழுதினால் குழுவும் உருண்டையாகப் பாதியை வெட்டிவிடும். பணியாளர் ஹெட்டில் இன்னொரு ஓட்டை இருக்கிறது. இளநிலை ஆய்வாளருக்கான ஜேஆர்எஃப் உதவித்தொகை 2023 ஜனவரி முதல் மாதம் 37,000. ஆண்டுக்கு 4,44,000 என்று போட்டு நிறுத்திவிடுவார்கள். வீட்டு வாடகைப் படி 10 சதவீதம் உள்ள ஊரில் ஆண்டுக்கு இன்னும் 44,400 வேண்டும். மூன்றாம் ஆண்டில் உதவித்தொகை 42,000 ஆகும். இவற்றை விட்டுவிட்டால் கடைசி மாதங்களில் சம்பளம் கொடுக்க ஹெட்டில் பணம் இருக்காது. அதில் அடிபடுவது உங்களைப் போல ஒப்பந்தத்தில் இருப்பவர்கள்தான். இது மன்னிக்கக் கூடிய பிழை என்று எனக்குத் தோன்றவில்லை.

இனி வழிகள். வேளாண் விஞ்ஞானிகள் தேர்வு வாரியம், இந்திய வேளாண் ஆராய்ச்சிக் கழகத்துக்காக நிர்வாக அலுவலர், நிதி மற்றும் கணக்கு அலுவலர் தேர்வை நடத்துகிறது. 2021 அறிவிப்பில் கேட்டது ஏதாவது ஒரு பட்டம், 55 சதவீத மதிப்பெண், வயது 21 முதல் 30. சம்பளம் மத்திய அரசு ஊதிய அட்டவணையில் லெவல் 10. முதல்நிலை, முதன்மை, நேர்முகம் மூன்றும் உண்டு. ஆண்டுதோறும் வருகிற தேர்வு இல்லை இது. 26 வயதில் இருக்கும் நீங்கள் அடுத்த அறிவிப்பைத் தவறவிடக் கூடாது. அறிவியல் மற்றும் தொழிலக ஆராய்ச்சிக் கழகமான சிஎஸ்ஐஆர் 2023 டிசம்பரில் பிரிவு அலுவலர், உதவிப் பிரிவு அலுவலர் பணிகளுக்கு மொத்தம் 444 இடங்களை அறிவித்தது. பட்டம் போதும், வயது வரம்பு 33. உங்கள் ஊருக்குப் பக்கத்திலேயே, அழகப்பச் செட்டியார் 300 ஏக்கரும் 15 லட்ச ரூபாயும் கொடுத்ததால் காரைக்குடிக்கு வந்த மின்வேதியியல் ஆய்வகம் சிஎஸ்ஐஆர் குடும்பத்தைச் சேர்ந்ததுதான். ஆனால் இந்த வேலைகளில் நாட்டின் எந்த மூலைக்கும் போட்டுவிடலாம். ஆத்தாளிடம் இதை முன்கூட்டியே சொல்லிவிடுவது நல்லது. இந்த நாற்காலிகளில் மானியக் கோப்பு மட்டும் வராது. பணிமூப்பு, ஓய்வூதியம், கட்டடப் பராமரிப்பு எல்லாம் வரும் என்பதையும் தெரிந்துகொண்டு எழுதுங்கள்.

வயல் வாசனையை முழுக்க விட மனமில்லை என்றால், அதே வாரியம் நடத்தும் டி-6 தொழில்நுட்ப வல்லுநர் தேர்வு முதுகலைப் படிப்புக்கானது, வயது வரம்பு 35. இந்திய வேளாண் ஆராய்ச்சிக் கழகத்தின் நேரடி வேளாண் அறிவியல் நிலையங்களில் பணி. குன்றக்குடியில் இருப்பதுபோலத் தொண்டு நிறுவனம் நடத்தும் நிலையங்களுக்கு ஆள் எடுப்பது அந்தந்த நிறுவனமே; அங்கே நீங்கள் அந்த நிறுவனத்தின் ஊழியர். ஓய்வூதியம், பணப் பலன்கள் பற்றி எழுத்தில் கேட்டு வாங்கிய பிறகே சேருங்கள். வேளாண் பல்கலைக்கழகத்தின் செட்டிநாடு மானாவாரி நிலையம், வம்பன் பயறு ஆராய்ச்சி மையம் போன்ற இடங்களில் திட்டப் பணியிடங்கள் அவ்வப்போது திறக்கும். ஊரோடு இருக்க அதுதான் நடைமுறை வழி. ஆனால் திட்டம் முடிந்தால் வேலையும் முடியும். இப்படி ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குத் தாவியே 32 வயதைத் தொட்டுவிட்டு, வயது வரம்புக் கதவுகள் மூடிய பிறகு திரும்பிப் பார்ப்பவர்கள் உண்டு. இன்னும் இரண்டு வருடம், அதற்கு மேல் இல்லை என்று இன்றைக்கே ஒரு தேதி குறியுங்கள்.

தொண்டு நிறுவனத்தில் மானிய அலுவலராகப் போனால் எஃப்சிஆர்ஏ (வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டம்) விதி மனப்பாடமாக இருக்க வேண்டும். வெளிநாட்டு நன்கொடை முதலில் ஸ்டேட் வங்கியின் புது தில்லி பிரதான கிளையில் உள்ள குறித்த கணக்கில்தான் வந்து இறங்க வேண்டும். 2020 திருத்தத்துக்குப் பிறகு நிர்வாகச் செலவு 20 சதவீதத்தைத் தாண்டக் கூடாது.

மாமா சொன்ன வங்கித் தேர்வு நல்ல வேலைக்கான தேர்வுதான். ஆனால் அது பயிர்க்கடன் வேலை. ஆராய்ச்சியோடு அதற்கு ஒட்டுறவு இல்லை. அதற்கும் வயது வரம்பு 30 என்பதால் ஒரு கைக்காவலாக எழுதி வையுங்கள். அதைவிட முக்கியமாக, மண்ணியல் பாடம் மறப்பதற்குள் நெட் என்ற தேசியத் தகுதித் தேர்வை எழுதிவிடுங்கள். நாளைக்கு உதவிப் பேராசிரியர் பணி பக்கம் திரும்ப நினைத்தால் அது கைகொடுக்கும். மானியப் பணியிலும், விஞ்ஞானியிடம் "இந்தச் சோதனைக்கு இத்தனை மாதிரி தேவையில்லை, ஐயா" என்று சொல்ல நேரும்போது உங்கள் பேச்சுக்கு எடை இருக்கும்.

மார்ச் 31-க்கு முன் செய்ய வேண்டியவை சில. அனுபவச் சான்றிதழில் "இளநிலை ஆய்வாளராகப் பணிபுரிந்தார்" என்று ஒற்றை வரி எழுதிக் கொடுப்பது வழக்கம். ஹெட் வாரிச் செலவுப் பதிவேடு பராமரித்தது, பிஎஃப்எம்எஸ் (அரசின் பொது நிதி மேலாண்மைத் தளம்) பதிவு, ஜெம் (அரசின் இணையச் சந்தை) கொள்முதல், யூசி தயாரித்தது ஆகியவற்றைத் தனித்தனி வரியாகச் சேர்க்கச் சொல்லி, வரைவை நீங்களே எழுதித் திட்டத் தலைவரிடம் கொடுங்கள். உங்கள் சொந்தப் பணத்தைப் போட்டு எதுவும் வாங்காதீர்கள். வெற்று மஸ்டர் ரோலில் கையெழுத்துப் போடாதீர்கள், யார் சொன்னாலும். கடைசி மாத பில்களை மார்ச் 10-க்குள் பிரிவுக்கு அனுப்பிவிடுங்கள். இருப்புப் பதிவேட்டில் உங்கள் பெயரில் உள்ள பிஹெச் மீட்டர், தராசு, மண் துளைப்பான் ஒவ்வொன்றையும் எண் சொல்லி ஒப்படைத்து, பெற்றுக்கொண்டவரிடம் தேதியோடு கையெழுத்து வாங்கி, அதன் நகலை வீட்டில் வைத்திருங்கள். ஆறு வருடம் கழித்துக்கூட ஒரு தராசைக் கேட்டுக் கடிதம் வரலாம்.