வீராணத்தில் விரால் எங்கே?

கேள்வி: வீராணம் ஏரியில் தூண்டில் போட்டால் ஜிலேபி மீன்தான் (திலேப்பியா) மாட்டுகிறது. விரால் எல்லாம் எங்கே போச்சு?
- வாசகர், காட்டுமன்னார்கோவில்

பதில்: ஜிலேபி முட்டையை வாயிலேயே வைத்துப் பொரிக்கும், வருஷத்தில் பல தடவை குஞ்சு விடும், அப்புறம் பெருகாமல் என்ன செய்யும்? விரால் இருக்கிறது, நடு ஏரியில் தேடாதீர்கள். வடவாறு வழியாகத் தண்ணீர் ஏறினதும் கரையோரக் கோரை இடுக்கில் ஒதுங்கும். மேலே வந்து காற்றைக் குடித்தே ஆகவேண்டிய மீன் அது, அதனால் விடியற்காலையில் 'பொளக்' என்று குமிழி விட்ட இடத்துக்குக் கொஞ்சம் தள்ளி ரப்பர் தவளையைப் போட்டு மேலாக இழுங்கள். செக்கச்செவேலென்று குஞ்சுக்கூட்டம் மிதந்தால் மட்டும் தூண்டிலைச் சுருட்டிவிடுங்கள். அடியில் காவல் நிற்கும் பெரிய விராலைப் பிடித்தால் மொத்தக் குஞ்சும் மற்ற மீனுக்கு இரை. சரி, குத்தகைக்காரரிடம் முதலில் கேட்டுக்கொள்ளுங்கள், அவர் சத்தம் போட்டால் நான் பொறுப்பில்லை!