கேள்வி பதில்: அடுத்த வருஷம் எது ஓடும்?

கேள்வி: எம்.சி. ரோட்டில் சின்னதாக ரெடிமேட் கடை வைத்திருக்கிறேன். 2026-இன் நிறம் வெள்ளை என்று எல்லா இடத்திலும் போடுகிறார்களே, அதை நம்பிச் சரக்கு எடுக்கலாமா?
- வாசகி, பழைய வண்ணாரப்பேட்டை

பதில்: எடுங்கம்மா, ஆனால் அவர்கள் சொன்னதற்காக எடுக்காதீர்கள். அமெரிக்காவில் உள்ள பான்டோன் நிறுவனம் 2000-ஆம் ஆண்டிலிருந்து வருஷா வருஷம் 'ஆண்டின் நிறம்' என்று அறிவிக்கிறது. 2025-க்கு மோக்கா மூஸ் என்ற பழுப்பு, 2026-க்கு கிளவுட் டான்சர் என்ற வெள்ளை. இது ஜோசியம் இல்லை. வெளிநாட்டுப் பெரிய கம்பெனிகள் துணி கடைக்கு வருவதற்கு ரொம்ப முன்னாடியே சாயத்தை முடிவு செய்தாக வேண்டும், ஆளுக்கொரு நிறமாகப் போனால் ஒருவர் போட்ட சட்டைக்கு இன்னொருவர் போட்ட பேன்ட் சேராது, அதனால் எல்லோரும் ஒரே பக்கம் திரும்ப ஒரு கைகாட்டி வேண்டியிருக்கிறது. சூரத்துக்குப் போன் போட்டு பார்சலில் சரக்கு இறக்குகிற உங்களுக்கு அந்தக் கவலை எதற்கு?

நம்ம பக்கத்து வெள்ளைக்குத் தனிக் காலண்டர் உண்டு. 2026 மார்ச்சில் ரம்ஜான், அதற்கு வெள்ளை ஜிப்பா. ஏப்ரல் 5-ஆம் தேதி ஈஸ்டர், அப்புறம் ராயபுரம், காசிமேடு பக்கம் சர்ச்சில் முதல் தடவை நற்கருணை, அதாவது புதுநன்மை, வாங்கும் பெண்பிள்ளைகளுக்கு வெள்ளை கவுன். பொங்கலுக்கு மட்டும் வெள்ளையை முன்னால் தொங்கவிடாதீர்கள், மஞ்சளும் அரக்கும் ராமர் பச்சையும்தான் கண்ணில் பட வேண்டும்.

நிறத்தைவிட அளவைக் கவனியுங்கள். உங்கள் தெருவில் ஆல்டரேஷன் பார்க்கும் டெய்லர் இருப்பாரே, அவரிடம் போய் உட்கார்ந்து, இப்போது பிள்ளைகள் பேன்ட்டைப் பிடிக்கச் சொல்கிறார்களா, தையலைப் பிரித்து லூசாக்கச் சொல்கிறார்களா என்று கேளுங்கள். வாங்குவதை ஆசையில் வாங்குவார்கள், ஆனால் கையில் இருப்பதைக் காசு கொடுத்து மாற்றுகிறார்கள் என்றால் மனசு உண்மையாகவே மாறிவிட்டது என்று அர்த்தம். பேகி என்கிற லூஸ் பேன்ட்டைக் கொண்டுவந்து பிடிக்கச் சொல்கிற வாரத்திலேயே பேகி ஆர்டரைப் பாதியாகக் குறைத்துவிடுங்கள்.

கேள்வி: துபாய் சாக்லேட் மாதிரி அடுத்து என்ன சாப்பாடு வரும்?
- வாசகர், பெரம்பூர்

பதில்: ஏதோ ஒன்று வரும், ஆறு மாதத்தில் போகும். பிஸ்தாவும் குனாஃபாவும் வைத்த அந்தச் சாக்லேட்டை ஒரு தடவை வாங்கிப் போட்டோ எடுத்தவர்களில் எத்தனை பேர் மறுபடி வாங்கினார்கள்? நான் பார்ப்பது அந்த இரண்டாவது தடவையைத்தான். 1960-களில் பர்மாவிலிருந்து எல்லாவற்றையும் இழந்து திரும்பிய தமிழர்கள் கொண்டுவந்த அத்தோவைப் பாருங்கள். பாரிமுனைப் பக்கம் செகண்ட் லைன் பீச்சில், நூடுல்ஸ், முட்டைகோஸ், பொரித்த வெங்காயம், புளித்தண்ணீர், மிளகாய்த்தூள் எல்லாம் போட்டு நம் கண் முன்னாலேயே கையால் பிசைந்து, கூடவே வாழைத்தண்டு சூப்பும் ஊற்றிக் கொடுக்கிறார்கள். போன வாரம் சாப்பிட்டவர் இந்த வாரமும் அங்கே நிற்கிறார். அடுத்த வருஷமும் நிற்பார், அதை எழுதியே தருகிறேன்.

கேள்வி: என் மகள் கேரம் கற்றுக்கொள்ள வேண்டும் என்று அடம்பிடிக்கிறாள். காசிமா ஜெயித்ததால் வந்த அலைதானே இது, சீக்கிரம் அடங்கிவிடுமா?
- வாசகர், வியாசர்பாடி

பதில்: அடங்காது. புது வண்ணாரப்பேட்டை காசிமா 2024-இல் அமெரிக்காவில் நடந்த கேரம் உலகக் கோப்பையில் மூன்று தங்கம் வாங்கினார், அதைப் பார்த்துப் பல பிள்ளைகளுக்கு ஆசை வந்தது வாஸ்தவம்தான். ஆனால் தலைக்கு மேலே பல்பைத் தொங்கவிட்டு, போரிக் பவுடர் தூவி, ராத்திரி வரைக்கும் ஆடும் மன்றங்கள் நம்ம பக்கம் அதற்கு முன்னாடியிலிருந்தே இருக்கின்றன. முன்பு அங்கே ஆண்பிள்ளைகள்தான் அதிகம், இப்போது பெண்பிள்ளைகளும் உட்கார்கிறார்கள் என்பதுதான் புதுசு, எனக்கு அதில் அவ்வளவு சந்தோஷம். போர்டு இப்போதே வாங்காதீர்கள். பக்கத்தில் உள்ள கோச்சிங் இடத்தில் கோடை விடுமுறை வரைக்கும் விடுங்கள், ஸ்கூல் திறந்த பிறகும் அவளே கிளம்பிப் போனால் நல்ல போர்டாகப் பார்த்து வாங்கிக் கொடுங்கள்.