நகை தரலாம், ஜாமீன் கையெழுத்து வேண்டாம்

கணவர் தன் கடனுக்கு உங்களிடம் ஜாமீன் கையெழுத்தும் நகையும் கேட்கிறார், தயங்கினால் கோபப்படுகிறார் என்று எழுதியிருக்கிறீர்கள். கையெழுத்துப் போடாதீர்கள். பூண்டு விலை விழுந்து கணவர் நொடித்துப்போன நேரத்தில் மறுத்தால் பாசமில்லை என்றாகுமா என்று கேட்கிறீர்கள். ஆகாது. நீங்கள் கையெழுத்திடாத அவருடைய கடன் உங்கள் சீதனத்தைத் தொடாது. ஜாமீன் போட்டாலோ, 1872 ஒப்பந்தச் சட்டத்தின் 128-வது பிரிவுப்படி முழுக் கடனுக்கும் நீங்களும் பொறுப்பு. கடன் கொடுத்தவர் அவரை விட்டுவிட்டு நேரே உங்களிடமே வரலாம்.

அவர் கோபத்துக்குப் பின்னால் பெரும்பாலும் வீட்டில் சொல்லாத கடன் ஒன்று இருக்கும். கோத்தகிரிப் பக்கம் விதைப்பூண்டுக்கே முன்பணம் வாங்கியிருப்பார்கள். மேட்டுப்பாளையம் மண்டியில் சரக்கு விற்றதும் அது கழிந்து, கைக்கு வருவது மிச்சம்தான்.

ஒரு தாளில் எழுதச் சொல்லுங்கள்: வங்கி, மண்டி, கைமாற்று, வட்டிக்காரர். ஒவ்வொன்றுக்கும் தேதி, வட்டி, நிலுவை. வட்டிக்காரர் கணக்கில்தான் பேனா தயங்கும். முதலில் அடைக்க வேண்டியதும் அதுவே. அதற்கு மட்டும் நகையை உங்கள் பெயரில் அடகு வையுங்கள், ரசீது உங்களிடம் இருக்கட்டும். தாளை எழுத மறுத்தால் நகை பெட்டியிலேயே கிடக்கட்டும்.

நிலத்தின் மேல் பதிவான அடமானம் இருக்கிறதா என்று காட்டும் வில்லங்கச் சான்றும் போடுங்கள். ஆனால் பதிவில்லாமல் கடனுக்கு ஈடாகக் கொடுத்த பத்திரம் அதில் தெரியாது. மூலப்பத்திரம் வீட்டில் இருக்கிறதா என்று கண்ணால் பாருங்கள்.

ஏற்கெனவே எதிலாவது கையெழுத்திட்டிருந்தால் கதை வேறு. நகலோடு ஊட்டியில் உள்ள நீலகிரி மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்குப் போங்கள், பெண்களுக்குச் சட்ட உதவி இலவசம்.