சிறிய கட்சிக்கு எந்த இலாகா?

அன்புள்ள ஆசிரியருக்கு,

கூட்டணி அமைச்சரவையில் சேரும் சிறிய கட்சி அடுத்த தேர்தலில் தேய்ந்துபோவதைப் பல நாடுகளில் பார்க்கிறோம். பதவி ஆசையால் வரும் கேடு இது. வெளியிலிருந்து ஆதரவு தந்தால் பழி ஒட்டாது அல்லவா?

ஆர்.

அன்புள்ள ஆர்.,

தேய்வது உண்மை. நெதர்லாந்தின் தொழிலாளர் கட்சி 2012இல் 38 இடங்களுடன் ஆட்சியில் சேர்ந்தது. 2017இல் 9 இடங்கள்தான் மிஞ்சின. ஆனால் பதவி ஆசைதான் காரணம் என்றால் முதலில் அழிய வேண்டியது பெரிய கட்சி.

வெளி ஆதரவும் காப்பாற்றுவதில்லை. 2004இல் மன்மோகன் சிங் அரசை வெளியிலிருந்து தாங்கிய இடதுசாரிகளுக்கு மக்களவையில் 59 பேர் இருந்தார்கள். வேலை உறுதிச் சட்டத்துக்காக அவர்கள் மன்றாடினார்கள். பெயரை காங்கிரஸ் எடுத்துக்கொண்டது. அமெரிக்காவுடனான அணு ஒப்பந்தத்தை எதிர்த்து 2008இல் விலகினார்கள். 2009இல் 24 பேர். அவர்கள் ஆண்ட மேற்கு வங்கத்தில் நிலம் கையகப்படுத்தலுக்கு எதிராகப் போராட்டம் வெடித்த சிங்கூரும் நந்திகிராமும் இதில் பெரும் பங்கு வகித்தன, மறுக்கவில்லை. ஆனால் வெளியே நின்றதால் எந்த நன்மையும் விளையவில்லை.

நான் அடிக்கடி நினைத்துப் பார்ப்பது பிரிட்டனின் லிபரல் டெமாக்ரட்டுகளை. 2010இல் 57 உறுப்பினர்களுடன் கன்சர்வேட்டிவ் கட்சியின் ஆட்சியில் சேர்ந்தார்கள். கல்விக் கட்டண உயர்வை எதிர்த்து வாக்களிப்போம் என்று தேர்தலுக்கு முன் கையெழுத்திட்டுக் கொடுத்தவர்கள். அதே ஆண்டு டிசம்பரில் கட்டண உச்சவரம்பை 9,000 பவுண்டாக உயர்த்த நாடாளுமன்றம் வாக்களித்தது. அந்த உயர்வுக்குப் பொறுப்பான அமைச்சர் வின்ஸ் கேபிள் அவர்களுடைய ஆள்! கட்சியில் 28 பேர் ஆதரித்தார்கள், 21 பேர் எதிர்த்தார்கள். மறுபக்கம், வருமான வரி விலக்கு வரம்பை 10,000 பவுண்டாக்குவது அவர்களுடைய தேர்தல் வாக்குறுதி. அது நிறைவேறியது. ஆனால் பட்ஜெட்டில் எழுந்து நின்று அதை அறிவித்தவர் கன்சர்வேட்டிவ் நிதியமைச்சர் ஜார்ஜ் ஆஸ்போர்ன். நல்ல செய்தியைச் சொல்லும் வாய் ஒருவருக்கு, கெட்ட செய்திக்குக் கையெழுத்துப் போடும் கை இன்னொருவருக்கு. துணைப் பிரதமர் நிக் கிளெக் பெரிதாக நம்பியிருந்த தேர்தல் முறைச் சீர்திருத்தமும் 2011 பொதுவாக்கெடுப்பில் தோற்றது. 2015இல் கட்சிக்கு 8 இடங்கள்.

ஆக, எத்தனை அமைச்சர்கள் என்ற பேரத்தைவிட எந்த இலாகா என்ற பேரம் முக்கியம். ஜெர்மனியின் சுதந்திர ஜனநாயகக் கட்சி வரிக்குறைப்பை முழங்கி 2009இல் 14.6 சதவீதம் பெற்றது. பிறகு நிதித்துறையை விட்டுவிட்டு, தலைவருக்கு வெளியுறவுத் துறையை வாங்கியது. என்ன கணக்கோ! விடுதிகளுக்கான வரி மட்டும் சட்டென்று குறைந்து கேலிக்கு ஆளானது. 2013இல் 4.8 சதவீதம், நாடாளுமன்றத்திலேயே இடமில்லை. பசுமைக் கட்சியோ 1998இல் சுற்றுச்சூழல் துறையைக் கையில் வைத்துக்கொண்டது. அணுமின் நிலையங்களை மூடும் சட்டத்தோடு 2002 தேர்தலுக்குப் போய் 6.7இலிருந்து 8.6 சதவீதமாக வளர்ந்தது.

இந்தக் கணக்கும் எப்போதும் பலிப்பதில்லை. 2021இல் அதே சுதந்திர ஜனநாயகக் கட்சி நிதித்துறையைக் கேட்டு வாங்கியது. மூன்றாண்டுகள் சக அமைச்சர்களோடு பட்ஜெட் சண்டை. 2024 நவம்பரில் அதன் தலைவர் லிண்ட்னரைப் பிரதமர் பதவிநீக்கம் செய்தார். 2025 தேர்தலில் 4.3 சதவீதம். தன் இலாகாவைத் தடுப்பதற்கு மட்டும் பயன்படுத்திய கட்சிக்கு, வாக்காளரிடம் காட்ட ஒன்றும் இருக்கவில்லை.

எனவே சேரட்டும் என்றே சொல்வேன். ஆனால் தன் முதல் வாக்குறுதி எந்தத் துறையில் இருக்கிறதோ, அதைத் தர மறுத்தால் அன்றைக்கே எழுந்து வந்துவிட வேண்டும்.