சாவி அரையில் இருக்கிறது: காணாமல் போன கபடிக் கோப்பையும் சில கேள்விகளும்

நடுநிலைப் பள்ளியில் தமிழ் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவள் நான். 'சொல்வதை எழுதுக' என்றாலே பாதி வகுப்புக்கு வயிற்றுவலி வந்துவிடும். அதனால் ஒரு துப்பறியும் கதை எழுதினேன். ஊர்க் கபடிக் குழுவின் வெள்ளிக் கோப்பை, பொங்கல் ஆட்டத்துக்கு முந்தைய இரவு காணாமல் போகிறது. தடயம் என்று இருப்பவை சில துண்டுச்சீட்டுகள், வாட்ஸ்அப் செய்திகள், ஒரு வாக்குமூலம். அவற்றின் எழுத்தையும் புள்ளியையும் உற்றுப் பார்த்தால் திருடன் அகப்படுவான். கதையை வீட்டிலும் வகுப்பிலும் பயன்படுத்திப் பார்த்தவர்கள் கேட்டவையும் என் பதில்களும் இவை.

மதுரையிலிருந்து ஓர் அம்மா: டீச்சர், என் மகள் ஆறாம் வகுப்பு. சிவப்பு மையைப் பார்த்தாலே நோட்டை மூடிவிடுகிறாள். கதையைக் கொடுத்தால் கதையை மட்டும் படித்துவிட்டுப் பிழையை விட்டுவிட மாட்டாளா?

கதை சரியில்லாவிட்டால் விட்டுவிடுவாள். நான் முதலில் எழுதியதற்கு அந்தக் கதிதான் நேர்ந்தது. பக்கத்துக்குப் பத்துப் பிழையைத் தூவிவிட்டு "கண்டுபிடியுங்கள்" என்றேன். பிள்ளைகள் கதையை ஒரே மூச்சில் படித்தார்கள், பிழையைத் தொடவே இல்லை. ஏன் தொட வேண்டும்? 'கோப்பை'யைக் 'கோப்பய்' என்று எழுதினாலும் கோப்பை கோப்பைதானே!

அதற்குப் பிறகு ஒரே ஒரு விதி வைத்துக்கொண்டேன்: எழுத்து மாறினால் சந்தேகப்படும் ஆளும் மாற வேண்டும். உங்களுக்கு ஓர் உதாரணம். கதையில் திடல் காவலாளித் தாத்தா அதிகம் படிக்காதவர். பொங்கலன்று காலையில் சுவரில் கரியால் "சாவி அரையில் இருக்கிறது" என்று எழுதிவிட்டு ஊருக்குப் போய்விடுகிறார். துப்பறியும் பையன்கள், "பாவம், தாத்தாவுக்கு எழுத்து வராது" என்று சிரித்துக்கொண்டே அறையைப் புரட்டிப் போடுகிறார்கள். பாய்க்கு அடியில், பரணில், பானைக்குள், எங்கும் சாவி இல்லை. அறைக்கு வந்துபோன எல்லோர் மேலும் சந்தேகம் விழுகிறது.

இந்த இடத்தில் கதையை நிறுத்திவிடுவேன். கொஞ்ச நேரம் கூச்சலாக இருக்கும். அப்புறம் பின்வரிசையிலிருந்து ஒரு கை எழும்: "டீச்சர், அரைன்னா இடுப்பு! அரைஞாண் கயிறு!" ஆமாம், சாவி தாத்தாவின் இடுப்புக் கயிற்றில் தொங்குகிறது. அவர் சரியாகத்தான் எழுதினார். படித்த பிள்ளைகள்தான் தவறாகத் திருத்திக்கொண்டார்கள். அரை, அறை வேறுபாட்டை அந்த வகுப்பில் யாரும் அதன்பின் மறந்ததாக எனக்கு நினைவில்லை.

நான்காம் வகுப்பு ஆசிரியர் ஒருவர்: எந்தப் பிழையில் தொடங்கலாம் அம்மா? ஒரே நேரத்தில் எல்லாவற்றையும் வைத்தால் பிள்ளைகள் திணறுகிறார்கள்.

பொருள் மாறும் இணைகளில் தொடங்குங்கள். 'கோப்பையை அளித்தவர்' நன்கொடையாளர், 'கோப்பையை அழித்தவர்' குற்றவாளி. 'கபடிக் கழகம்' என்று அழைப்பிதழில் அச்சிட வேண்டியதைக் 'கபடிக் கலகம்' என்று அச்சிட்டுவிட்டால் போலீஸ் வந்துவிடும் என்றால் நான்காம் வகுப்பு உருண்டு சிரிக்கும். 'கரை வேட்டிக்காரர்' ஊரில் பாதிப் பேர் இருப்பார்கள். 'கறை வேட்டிக்காரர்' அன்றைக்குச் சேற்றில் நடந்த ஒருவர் மட்டும்தான். ஒரு வாரத்துக்கு ஓர் இணை போதும்.

ந, ன, ண குழப்பத்துக்குத் தனிக்கதை வேண்டாம். அந்த எழுத்துகளின் பழைய பெயர்களிலேயே விடை இருக்கிறது: தந்நகரம், றன்னகரம், டண்ணகரம். த-வுக்கு முன் ந், ற-வுக்கு முன் ன், ட-வுக்கு முன் ண். பந்து, வென்றான், குண்டு. மூன்று சொல்லும் விளையாட்டுத் திடலிலேயே கிடைக்கின்றன. இரண்டு சுழி, மூன்று சுழி என்று சுழியை எண்ண வைப்பதைவிட இது நன்றாக நிற்கும்.

சென்னையிலிருந்து ஓர் அப்பா: ஒற்று மிகும் இடம், மிகா இடம் எனக்கே தெரியாது. பிள்ளைக்கு எப்படிச் சொல்லிக்கொடுப்பேன்?

வெட்கப்பட வேண்டாம். பத்திரிகைத் தலைப்புகளிலேயே தடுமாற்றம் இருக்கிறது. இரண்டை மட்டும் பிடித்துக்கொள்ளுங்கள். 'ஐ' உருபு வெளிப்படையாக வந்தால் பின்னால் வரும் க, ச, த, ப மிகும்: கோப்பையைத் திருடினான், பந்தைப் பிடித்தான். 'கு' வந்தாலும் மிகும்: திடலுக்குப் போனான். அன்றாட எழுத்தில் விழும் ஒற்றுப்பிழைகளில் கணிசமான பங்கு இதிலேயே சரியாகிவிடும்.

பொருள் மாறும் ஒற்றுக்கு என் கதையில் ஒரு வேல் வருகிறது. திடலோரத்து முருகன் கோயில் வேல். "வேலை கொடு" என்று ஒருவர் சீட்டு எழுதினால் அவர் வேலை தேடி வந்தவர். "வேலைக் கொடு" என்றால் வேல் கேட்டு வந்தவர். நடுவில் நிற்கும் ஒரு 'க்' ஒருவரைச் சந்தேகப் பட்டியலில் ஏற்றுகிறது, இன்னொருவரை இறக்குகிறது.

யாழ்ப்பாணத்திலிருந்து ஒருவர்: ரீச்சர், நாங்கள் உதைபந்தாட்டம் என்றுதான் எழுதுவோம். கைப்பந்து, கூடைப்பந்து எல்லாவற்றிலும் 'ப்' வருகிறதே, இங்கே மட்டும் ஏன் இல்லை? 'உதைப்பந்து' என்று எழுதினால் பிழையா?

பிழைதான். நீங்கள் எழுதுவதே சரி. உதைத்த பந்து, உதைக்கின்ற பந்து, உதைக்கும் பந்து என்று முக்காலத்துக்கும் விரியும் வினைத்தொகை அது. வினைத்தொகையில் வல்லினம் மிகாது. ஊறுகாய், சுடுசோறு மாதிரி. எறிபந்தும் அப்படித்தான். கையும் கூடையும் பெயர்ச்சொற்கள். கையால் ஆடும் பந்து கைப்பந்து, கூடையில் போடும் பந்து கூடைப்பந்து. அங்கே மிகும்.

தமிழ்நாட்டில் 'கால்பந்து' என்று எழுதுகிறோம். புணர்ச்சிப்படி ல் திரிந்து 'காற்பந்து' ஆக வேண்டும். சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் அப்படியே எழுதுகிறார்கள். ஆக ஒரே ஆட்டத்துக்கு உதைபந்து, கால்பந்து, காற்பந்து என மூன்று பெயர். யார் எந்த ஊர்க்காரர் என்று கண்டுபிடிக்க இதைவிட நல்ல தடயம் கிடைக்குமா? உங்கள் பிள்ளைகளுக்குக் கதை எழுதினால், வெளியூரிலிருந்து வந்த ஒருவரை இந்த ஒரு சொல்லால் காட்டிக்கொடுங்கள்.

கோயம்புத்தூரிலிருந்து கல்லூரி மாணவர்: நிறுத்தக்குறிகள் ஐரோப்பியர் வழியாக வந்தவைதானே? ஓலைச்சுவடியில் அவை இல்லாமலே தமிழ் வாழ்ந்தது. அவற்றுக்கு இவ்வளவு நேரம் செலவிட வேண்டுமா?

வந்த வழி நீங்கள் சொன்னதுதான். ஓலையில் மெய்யெழுத்துக்குப் புள்ளிகூட வைக்காமல் எழுதுவதே பெரும்பாலும் வழக்கம். அச்சு வந்து உரைநடை பெருகியபோது காற்புள்ளியும் அரைப்புள்ளியும் உள்ளே வந்தன. தமிழ் உரைநடையில் அவற்றைப் பழக்கப்படுத்தியவர்களில் ஆறுமுக நாவலரை (1822–1879) முதலில் சொல்வார்கள். செய்யுளுக்கு யாப்பு இருந்தது. எங்கே நிறுத்துவது என்பதை அடியும் சீரும் பார்த்துக்கொண்டன. உரைநடைக்கு அந்தத் துணை இல்லை.

ஆனால் ஒன்றை ஒப்புக்கொள்கிறேன். கேள்விக்குறிக்குத் தமிழில் வேலை குறைவு. "எடுத்தாயா", "யார் எடுத்தது" என்பதில் கேள்வி சொல்லுக்குள்ளேயே உட்கார்ந்திருக்கிறது. அதனால் என் கதையில் கேள்விக்குறிப் பயிற்சி ஒன்றுகூட இல்லை. காற்புள்ளி, மேற்கோள்குறி, சொல்லுக்கு நடுவே விடும் இடைவெளி, இந்த மூன்றும்தான் ஆளை மாட்டிவிடுபவை.

வாக்குமூலத்தில் ஒரு வரி: "நான் எடுக்கவில்லை என்று ரவி சொன்னான்." இதில் 'நான்' யார்? மேற்கோள்குறி போட்டால் ரவி. இல்லையென்றால், வாக்குமூலம் கொடுப்பவரைத்தான் ரவி காப்பாற்றுகிறான் என்றும் படிக்கலாம்.

இடைவெளி இன்னும் பொல்லாதது. பயிற்சியாளர் எழுதிக்கொடுக்கிறார்: "காவலாளி தான் எடுத்ததாகச் சொன்னார்." அதாவது காவலாளியே குற்றத்தை ஒப்புக்கொண்டார். இதையே "காவலாளிதான் எடுத்ததாகச் சொன்னார்" என்று சேர்த்து எழுதுங்கள். இப்போது வேறு யாரோ காவலாளி மேல் பழி போட்டிருக்கிறார். ஒரு விரற்கடை வெற்றிடத்தில் தாத்தா ஜெயிலுக்குப் போகிறார், வருகிறார். நாம் தினமும் 'தான்', 'கூட', 'போல' ஆகியவற்றை எங்கே ஒட்டுகிறோம், எங்கே பிரிக்கிறோம் என்று கவனிப்பதே இல்லை.

காற்புள்ளிக்குக் கதவிடுக்கில் கிடைத்த சீட்டு. கோப்பை காணாமல் போவதற்கு முந்தைய நாள் தாத்தா எழுதியது: "மணி அண்ணன் வந்து சாவி வாங்கிப் போனார்." அதை இப்போதைக்கு இங்கேயே விட்டுவிடுகிறேன்.

திருச்சியிலிருந்து ஒருவர்: நிஜத்தில் இப்படிக் கோப்பை திருட்டு, பிழையை வைத்துத் துப்பு, இதெல்லாம் நடந்திருக்கிறதா? பிள்ளைகள் கேட்கிறார்கள்.

கோப்பை திருட்டு நடந்திருக்கிறது. 1966 மார்ச் 20 அன்று லண்டன் வெஸ்ட்மின்ஸ்டர் சென்ட்ரல் ஹாலில் ஓர் அஞ்சல்தலைக் கண்காட்சியில் வைத்திருந்த உலகக் கால்பந்துக் கோப்பையான ஜூல்ஸ் ரிமே கோப்பை திருடுபோனது. 15,000 பவுண்டு கேட்டுக் கடிதம் வந்தது. போலீஸ் அலைந்துகொண்டிருக்க, ஒரு வாரம் கழித்துத் தெற்கு லண்டனில் நடைக்குப் போன பிக்கிள்ஸ் என்ற நாய், செய்தித்தாளில் சுற்றிக் கிடந்த பொட்டலத்தை மோப்பம் பிடித்தது. உள்ளே கோப்பை. அதே கோப்பை 1983இல் ரியோ டி ஜெனிரோவில் மறுபடி திருடுபோனது, அப்புறம் கிடைக்கவே இல்லை. பிள்ளைகளுக்கு நாய்தான் பிடிக்கும். என் கதையில் நாய் வைக்காதது பெரிய குறை என்று இன்றுவரை சொல்கிறார்கள்.

எழுத்துப்பிழை துப்பான வழக்கு பெரியவர்களுக்கானது. 1932இல் அமெரிக்காவில் விமானி சார்லஸ் லிண்ட்பெர்க்கின் குழந்தை கடத்தப்பட்டது. பணம் கேட்டு வந்த கடிதத்தில் 'குட்' என்ற ஆங்கிலச் சொல்லை ஜெர்மன்காரர் எழுதுவதுபோல 'கூட்' என்று எழுதியிருந்தது. எழுதியவரின் தாய்மொழி ஜெர்மனாக இருக்கலாம் என்று யூகித்தார்கள். பின்னால் பிடிபட்டுத் தண்டனை பெற்ற புரூனோ ஹாப்ட்மன் ஜெர்மனியிலிருந்து குடியேறியவர். குழந்தை இறந்துபோன வழக்கு அது, வகுப்பில் சொல்லாதீர்கள்.

திருநெல்வேலியிலிருந்து ஓர் ஆசிரியை: வாட்ஸ்அப் தடயத்தை எப்படி அமைத்தீர்கள் அக்கா? எட்டாம் வகுப்புக்குச் செய்ய நினைக்கிறேன்.

திருடன் கணினியில் அச்சடித்து ஒட்டிய தாள்: "கோப்பையைத் தேடி முயற்ச்சி செய்ய வேண்டாம் . பொங்கல் ஆட்டம் நடக்காது ." இதைப் பலகையில் எழுதுங்கள். பக்கத்தில் மூன்று பேரின் வாட்ஸ்அப் செய்திகள்.

பயிற்சியாளர்: "நாளை பயிற்சி உண்டு. மகிழ்ச்சியுடன் வரவும்."
செயலாளர்: "பயிற்ச்சி முகாம் தொடங்கும் . மகிழ்ச்சி ."
டீக்கடைக்காரர்: "உங்கள் வளர்சி எனக்கு மகிழ்சி."

ற், ட் இரண்டுக்கும் பின்னால் இன்னோர் ஒற்று வராது: பயிற்சி, முயற்சி, காட்சி, ஆட்சி. ய், ர், ழ் பின்னால் வரும்: பாய்ச்சல், வளர்ச்சி, மகிழ்ச்சி. இலக்கணமாகச் சொன்னால் கொட்டாவி விடும் வகுப்பு, மூன்று பேரில் ஒருவரைப் பிடிக்க வேண்டும் என்றால் தானே விதியைக் கண்டுபிடிக்கும்.

ஆனால் 'முயற்ச்சி' என்று எழுதுபவர்கள் ஊரெல்லாம் இருக்கிறார்கள். ஒரு பிழையை வைத்து ஒருவரைத் திருடன் என்று சொல்லிவிடக் கூடாது, இதை மாணவர்களிடம் அழுத்திச் சொல்லுங்கள். அதனால்தான் முற்றுப்புள்ளிக்கு முன்னால் ஓர் இடைவெளியையும் விட்டேன். அதைப் பெரும்பாலும் பெண்பிள்ளைகள்தான் முதலில் கவனிக்கிறார்கள். காரணம் கேட்காதீர்கள்.

பெங்களூரிலிருந்து ஒருவர்: போனில் பிழைதிருத்தி இருக்கிறதே?

'அரையில்' என்பதும் சரியான சொல், 'அறையில்' என்பதும் சரியான சொல். தாத்தா எதைச் சொல்ல வந்தார் என்று அது எதை வைத்து முடிவு செய்யும்?

சேலத்திலிருந்து ஓர் அம்மா: என் மகனுக்குப் பத்து வயது. எழுத்தைச் சேர்த்து வாசிப்பதே கஷ்டமாக இருக்கிறது. இந்தக் கதை உதவுமா?

அவனை எழுதச் சொல்லாதீர்கள் அம்மா. நீங்கள் வாசியுங்கள், அவன் துப்பறியட்டும். வாசிப்பில் இருக்கும் சிரமம் கற்றல் குறைபாடாகவும் இருக்கலாம். அதை என்னைப் போன்ற தமிழ் டீச்சர் முடிவு செய்யக் கூடாது. அதற்கென்று இருக்கும் நிபுணரிடம் ஒருமுறை காட்டிவிடுங்கள். சோம்பேறி என்று மட்டும் யாரும் சொல்லவிடாதீர்கள்.

ஏழாம் வகுப்பு மாணவன்: டீச்சர், திருடன் செயலாளர்தான். எனக்குத் தெரிந்துவிட்டது. ஆனால் சாவி தாத்தாவின் இடுப்பில் இருந்ததே, அவர் எப்படித் திறந்தார்? மணி அண்ணன்தான் சாவி வாங்கினார் என்று சீட்டில் இருக்கிறது. அப்படியானால் மணி அண்ணன் கூட்டாளியா?

நல்ல கேள்வி, தம்பி. கதையில் மணிக்கு என்ன வயது? ஒன்பது. தாத்தாவின் பேரன். ஒன்பது வயதுப் பையனைத் தாத்தா அண்ணன் என்பாரா? சீட்டில் 'மணி'க்குப் பக்கத்தில் ஒரு காற்புள்ளி போட்டுப் படி. அப்புறம் முதல் பக்கத்தைத் திருப்பி, செயலாளரைத் திடலில் எல்லோரும் எப்படிக் கூப்பிடுகிறார்கள் என்று பார்.