‘ரிப்பீற் ருவைஸ்’ என்றால் மொத்தம் இரண்டு தரமா, மூன்று தரமா?

கம்பஸ் செய்முறைத் தாளில் நியமிப்பை (அமிலத்துக்குள் காரத்தைத் துளித்துளியாக விட்டு அளவு பார்க்கிற ‘ரைற்றேஷன்’) “ரிப்பீற் ருவைஸ்”, அதாவது ‘இரண்டு தரம் திருப்பிச் செய்’ என்று போட்டிருக்கிறது. பக்கத்து மேசைத் தம்பி இரண்டு வாசிப்போடு குடுவையைக் கழுவி வைத்துவிட்டார், நீங்கள் மூன்றாவதையும் எடுத்தீர்கள், யார் சரி? இதுதானே கேள்வி. நீங்கள்தான் சரி. திருப்பிச் செய்ய வேண்டுமென்றால் முதலில் ஒருக்காச் செய்திருக்க வேண்டும். அந்த முதல் தரம் ரிப்பீற் கணக்கில் சேராது.

எங்கட இலங்கையில் இதற்கு ஏஎல் (உயர்தர) சோதனையே போதும். ஒவ்வொரு தரம் எழுதுவதையும் ‘ஷை’ என்போம். பல்கலைக்கழக அனுமதிக்கு மூன்று தரம்தான் கணக்கு: முதல் ஷை, செக்கண்ட் ஷை, தேர்ட் ஷை. ஆனால் ஒரு பிள்ளையை “ரிப்பீற் பண்ணுது” என்று எப்போது சொல்லத் தொடங்குகிறோம்? செக்கண்ட் ஷையில்தான். ஆக மூன்று ஷை, இரண்டு ரிப்பீற். ஷை என்றால் மொத்தத்தை எண்ணுகிறோம், ரிப்பீற் என்றால் மேலதிகத்தை மட்டும் எண்ணுகிறோம். இவ்வளவு தெளிவாக இந்தச் சொல்லைப் பாவிக்கிற வேறு ஊர் இருக்குமோ தெரியாது!

உங்கள் விஷயத்தில் இன்னொரு காரணமும் உண்டு. நியமிப்பில் முதல் வாசிப்பு பெரும்பாலும் பருமட்டானது. நிறங்காட்டியான பினோத்தலீன் போட்ட அமிலத்தில் காரம் விழுந்துகொண்டே இருக்கும், நிறம் வருவதும் மறைவதுமாக இருக்கும், வெளிர் பிங்கில் நிற்க வேண்டிய இடத்தில் அடைப்பை மூடமுன் இரண்டு துளி கூட விழுந்து கடும் பிங்காகிவிடும். அந்த வாசிப்பை எத்தனை மில்லிலீற்றரில் கவனிக்கத் தொடங்க வேண்டும் என்பதற்குத்தான் வைத்துக்கொள்ளலாம். அடுத்த இரண்டும் 0.1 மில்லிலீற்றருக்குள் ஒத்து வந்தால்தான் சராசரி எடுப்பார்கள். இரண்டோடு நிறுத்தினால் எதை எதோடு ஒப்பிடுவது? தாளில் உள்ள அட்டவணையையும் பாருங்கள், மூன்று நிரல் இருந்தால் சண்டையே இல்லை.

சரி, இதை எல்லா இடத்திலும் நம்பலாமா என்றால், இல்லை. ஆங்கிலம் பேசுகிறவர்களே ஒரே மாதிரிப் பாவிப்பதில்லை. உடற்பயிற்சித் தாளில் “ரிப்பீற் ரென் ரைம்ஸ்” என்றால் எல்லாரும் மொத்தம் பத்துத்தான் செய்வார்கள், பதினோராவதைத் தேட மாட்டார்கள். பிள்ளைகள் படம் கீறிப் பழகுகிற லோகோ என்ற கணினி மொழியில் ‘ரிப்பீற் 4’ என்று கொடுத்து, முன்னே போய் 90 பாகை திரும்பச் சொன்னால் சதுரம் வரும். அங்கேயும் மொத்தம் நான்குதான். ஆனால் இணையத்தில் கோப்பு இறக்கும் ‘கேர்ள்’ என்ற கருவியில் ‘ரீட்றை 3’ என்று கொடுத்தால் முதல் முயற்சி வேறு, அதன்பிறகு மூன்று, ஆகக் கூடியது நான்கு.

மருந்துத் துண்டில்தான் கவனம் வேண்டும். அமெரிக்காவில் ‘ரீஃபில் 2’ என்றால் மருந்து மூன்று தரம் எடுக்கலாம். அவுஸ்திரேலியாவில் ஐந்து ரிப்பீற் என்றால் மொத்தம் ஆறு தரம். இங்கிலாந்தில் தனியார் டொக்டர் எண் போடாமல் ‘ரிப்பீற்’ என்று மட்டும் எழுதியிருந்தால், பெரும்பாலான மருந்துகளை மொத்தம் இரண்டு தரம் கொடுப்பார்கள். வெளிநாட்டிலிருக்கும் அம்மப்பாவின் துண்டை வாட்ஸ்அப்பில் அனுப்பி விளக்கம் கேட்கிற வீடுகளுக்கு இது உதவும்.

பின்னல் வேலைக் குறிப்பு எழுதுகிறவர்களிடம் ஒரு நல்ல பழக்கம் இருக்கிறது. கவனமாக எழுதுகிறவர்கள் “திறீ மோர் ரைம்ஸ்” (இன்னும் மூன்று தரம்) என்று ‘மோர்’ போட்டுவிடுவார்கள். அந்த ஒரு சொல் வந்தால் முதல் தரம் சேரவில்லை என்பது நிச்சயம்.

இதைவிட மோசமானது ‘பைவீக்லி’. கிழமைக்கு இரண்டு தரமா, இரண்டு கிழமைக்கு ஒருக்காவா? ஆங்கில அகராதிகளே இரண்டையும் பொருளாகப் போட்டிருக்கின்றன, ஆகவே அகராதியைப் புரட்டியும் பயனில்லை. ‘ஃபோர்ட்நைற்லி’ என்றால் இரண்டு கிழமைக்கு ஒருக்கா, அதில் குழப்பம் கிடையாது. கம்பஸில் யாராவது பைவீக்லி என்று வகுப்பு வைத்தால் முதல் மூன்று வகுப்புகளின் திகதியையும் கேட்டு எழுதிக்கொண்டு வாருங்கள்.