கேளுங்க சொல்றோம்: முறுக்குக்கடை பேனரும் சாஞ்ச எழுத்தும்

கேள்வி: அண்ணே, தீபாவளிக்கு சிங்கப்பூர் தேக்கா பக்கம் முறுக்குக் கடை போடுறோம். பேனர்ல இங்கிலீஷ் பேரு போல்ட் இட்டாலிக்ல ஜம்முனு இருக்கு, அதையே தமிழ்ல போட்டா விழப்போற மாதிரி இருக்கே, ஏன்? (யீஷூன் வாசகி)

பதில்: நெஜமாவே தள்ளிவிட்டிருக்காங்கம்மா! இங்கிலீஷ் இட்டாலிக் சும்மா சாய்ச்ச எழுத்து இல்ல, 1501-ல வெனிஸ்ல ஆல்டஸ் மனூட்டியஸ் அச்சகத்துல வந்த புத்தகத்துக்காக ஃபிரான்செஸ்கோ கிரிஃபோங்கிற அச்செழுத்து வெட்டுறவரு, கையெழுத்தப் பாத்து தனியா வெட்டினது, அதனாலதான் அதுல சின்ன 'ஏ' (a) தலைக்கொக்கியே இல்லாம வெறும் வயிறா நிக்கும். தமிழுக்கு அப்படி ஒரு வழக்கம் வளரல, பாதி ஃபாண்ட்ல இட்டாலிக்கே கிடையாது, பட்டன அமுக்கினா கம்ப்யூட்டரே இழுத்து சாய்ச்சிடும். உங்க 'முறுக்கு'வையே பாருங்க, க் மேல இருக்க வேண்டிய புள்ளி நகந்து போயி அடுத்த கு-வோட தலையில உக்காரப் பாக்குது, போல்ட் வேற பண்ணா ண, ழ சுழியெல்லாம் அடைச்சுக்கும்.

அந்த மாதிரி சாஞ்ச, தடியான டிஸ்ப்ளே ஃபாண்ட் (பெருசா போடுற அலங்கார எழுத்து) வேகம் காட்டத்தான், ஜெர்சி, சேல் போர்டுனு பெருசா நாலு வார்த்தைக்கு சரி, விலைப்பட்டியலுக்கு வேணவே வேணாம் (போன் நம்பருக்கும்தான்!). தமிழ நேரா, தடியா போடுங்க, சாஞ்சே ஆகணும்னா எழுத்த சாய்க்காம முழு வரியையே லேசா மேல ஏறுற மாதிரி வைங்க, இல்ல கையால எழுதுறவங்களப் பிடிங்க, என் ஓட்டு அதுக்குத்தான். அச்சுக்குக் குடுக்குறதுக்கு முன்னாடி ஒரு ஏ4-ல அடிச்சு வாய்ட் டெக் (புளோக்குக்குக் கீழ இருக்குற திறந்த தளம்) தூண்ல பிடிச்சு பத்தடி தள்ளி நின்னு பாத்துடுங்க.